50 கோடி வயது, 8 டாலர் விலை: வீலர் ஷேல் ட்ரைலோபைட்டுகள்

அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் உங்கள் மகளுக்கு ஒரு கறுப்புக் கல்பூச்சியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். கூடவே இருந்த சீட்டில் "எல்ராதியா கிங்கி, கேம்பிரியன், வீலர் ஷேல், யூட்டா" என்று எழுதியிருக்கிறது. கேம்பிரியன் என்பது மிகப் பழைய ஒரு நிலவியல் காலத்தின் பெயர். மூலையில் 8 டாலர் என்ற விலையும் கிழிபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 50 கோடி வருஷத்துப் பொருள் இரண்டு பிரியாணி விலைக்குக் கிடைக்குமா, இது போலிதானே என்பது உங்கள் கேள்வி. உண்மையாக இருந்தால் அது என்ன பூச்சி, வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், நம் பக்கம் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் அது அசல்தான். போலி செய்கிறவனும் லாபம் பார்த்துத்தான் செய்வான். அச்சு எடுத்து, பிசின் ஊற்றி, சாயம் பூசி 8 டாலருக்கு விற்றால் அவனுக்குக் கட்டாது. ட்ரைலோபைட் என்பது எப்போதோ அழிந்துபோன, ஓடு போர்த்திய ஒரு கடல்வாழ் விலங்கு வகை. உலகச் சந்தையில் மிக அதிகமாகக் கைமாறும் ட்ரைலோபைட்டுகளில் எல்ராதியா கிங்கி ஒன்று. ஏன் அவ்வளவு மலிவு என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் நல்ல கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றதற்கெல்லாம் வழியிலேயே பதில் கிடைத்துவிடும்.

யூட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதி வறண்ட பூமி. டெல்டா என்ற சிறிய ஊரிலிருந்து மேற்கே 80 கிலோமீட்டருக்கு மேல் போனால் ஹவுஸ் ரேஞ்ச் என்ற மலைத்தொடர் வரும். கடைசிப் பகுதி மண் சாலை, வழியில் தண்ணீர் கிடையாது, கைபேசியில் சிக்னல் கிடையாது. மலைக்கு நடுவே கிண்ணம் போல ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்கு வீலர் ஆம்ஃபிதியேட்டர் என்று பெயர். அதைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரிகிற பாறைதான் வீலர் ஷேல். கீழே ஸ்வேசி சுண்ணாம்புப் பாறை, மேலே மார்ஜம் என்ற இன்னொரு பாறைத்தொகுதி, நடுவில் இது.

ஷேல் என்பது கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டான பாறை. கடப்பாக்கல் பலகை பலகையாகப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்புக்கல், கனமாகப் பிளக்கும். ஷேல் அதைவிட மெலிதாக, அப்பளக் கட்டைப் பிரித்தது போல ஏடு ஏடாக வரும். ஒவ்வோர் ஏடும் ஒரு காலத்தில் கடலின் தரையாக இருந்தது. ஆகையால் இரண்டு ஏடுகளுக்கு நடுவே என்ன படுத்திருந்ததோ அது பிளக்கும்போது வெளியே தெரியும்.

நான் அங்கே ஒரு கோடையில் இரண்டு நாள் கல் உடைத்தேன். காசு கட்டினால் சுத்தியும் வாளியும் கொடுத்து உள்ளே விடுகிற குவாரி இருக்கிறது, நீங்கள் எடுப்பது உங்களுக்கு. பலகைக் கல்லைப் படுக்கப் போட்டு அடிக்கக் கூடாது, நொறுங்கிவிடும். குத்துவாட்டில் நிறுத்தி, விளிம்பில் தெரியும் கோட்டின் மேலேயே தட்டையான சுத்தியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். முதலில் 'டங்' என்று கேட்கும். உள்ளே பிரிய ஆரம்பித்ததும் சத்தம் 'டொக்' என்று மாறும். அப்போது நிறுத்திவிட்டு விரலால் பிரித்தால் போதும். முதல் ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தவை எல்லாம் துண்டு துணுக்குகள். அப்புறம் ஒரு பலகை பிரிந்தபோது கட்டைவிரல் நகம் அளவில் கறுப்பாக ஒன்று கல்லிலிருந்து கழன்று, புளியம்பழத்தை உடைத்தால் கொட்டை விழுமே, அப்படி என் மடியில் விழுந்தது. கல்லில் அதன் அச்சுக்குழி மட்டும் மிச்சம். சுத்தம் செய்யத் தேவையே இல்லை. வாய்க்காலில் எடுத்த கூழாங்கல் மாதிரி துடைத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

புதைபடிவ வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். சாதாரணமாக ட்ரைலோபைட் பாறையோடு ஒட்டிக் கிடக்கும். மொராக்கோவிலிருந்து வரும் முள் முளைத்த ட்ரைலோபைட்டுகளை ஊசியாலும் காற்றில் பொடி பீய்ச்சும் கருவியாலும் நாள்கணக்கில் உட்கார்ந்து வெளியே எடுக்க வேண்டும். அதனால்தான் அவற்றின் விலை நூறு, ஆயிரம் என்று போகிறது. வயதைப் பார்த்தால் உங்கள் மகளிடம் இருப்பது அவற்றில் பலவற்றைவிட 10 கோடி ஆண்டுக்கு மேல் மூத்தது. ஆனால் வயதுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, கூலிக்குத்தான் கொடுக்கிறார்கள். எல்ராதியாவைப் பொறுத்தவரை அந்தக் கூலி வேலையைப் பாறையே செய்து முடித்துவிட்டது.

எப்படி என்று பார்க்க அந்தக் கல்லைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் கண்ட வரிவரியான அழகு எதுவும் அடியில் இருக்காது. கால்களும் இருக்காது. சொரசொரப்பாக, நார் நாராக, சில சமயம் வட்ட வட்டமாகப் படிந்த ஒரு கனிமத் திண்டு இருக்கும். அது கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கனிமம். விலங்கு சேற்றில் புதைந்த கொஞ்ச காலத்திலேயே, சேறு இன்னும் இறுகாத நிலையில், ஓட்டின் அடிப்பக்கத்தில் இந்தக் கால்சைட் வளர ஆரம்பித்தது. கூம்புக்குள் கூம்பு சொருகிய மாதிரி வளரும் இந்த வடிவத்தை நிலவியலாளர்கள் 'கூம்புக்குள் கூம்பு கால்சைட்' என்றே சொல்கிறார்கள். மேலே நூறு மீட்டர் கணக்கில் சேறு ஏறி அமுக்கியபோது மற்ற இடங்களில் ஓடுகள் நசுங்கின. இங்கே அடியில் முட்டுக் கொடுத்தது போல இந்தத் திண்டு இருந்ததால் ஓடு முழு உருவத்தோடு தப்பியது. சுற்றியுள்ள ஷேலைவிட இது கெட்டியானது. எனவே பாறை வெயிலிலும் பனியிலும் உதிரும்போது ட்ரைலோபைட் தனியாகக் கழன்று வந்துவிடுகிறது. அசல், போலி சந்தேகத்துக்கும் இந்த அடிப்பக்கமே நல்ல சாட்சி. அச்சு வார்க்கிறவர்கள் முதுகுக்குக் கொடுக்கும் கவனத்தை வயிற்றுக்குக் கொடுப்பதில்லை.

சரி, முழுசாகக் கிடைப்பதற்குக் காரணம் சொல்லியாயிற்று. ஆனால் ஏன் இத்தனை கிடைக்கின்றன? அதற்கு அந்தக் கடலுக்குள் இறங்க வேண்டும்.

ஏறத்தாழ 50.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வட அமெரிக்காவின் மூதாதையான லாரென்ஷியா என்ற கண்டம் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. நிலத்தில் மரம் இல்லை, புல் இல்லை, வெறும் பாறையும் மணலும்தான். உயிரின் ஆட்டமெல்லாம் கடலில். யூட்டா இருந்த ஓரத்தில் ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான சுண்ணாம்புத் திட்டு நீண்டு கிடந்தது. அதில் ஓரிடத்தில் தரை பிளந்து இறங்கியதால் ஆழமான ஒரு பள்ளம் உருவானது, அதை ஹவுஸ் எம்பேமென்ட் என்கிறார்கள். மேட்டிலிருந்து வழிந்த நுண்ணிய சேறு இந்தப் பள்ளத்தில் மெல்ல மெல்ல படிந்தது. ஆழத்தில் நீரோட்டம் குறைவு, அதனால் அடித்தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு. சில காலம் கொஞ்சம் இருக்கும், சில காலம் அறவே இருக்காது.

இந்த ஏற்ற இறக்கத்தை ஷேலின் ஏடுகளில் படிக்க முடிகிறது. ஆக்ஸிஜன் ஓரளவு இருந்தபோது படிந்த அடுக்குகளில் பல வகை உயிர்கள் இருக்கும், சேற்றைக் குடைந்து போன புழுக்களின் தடமும் இருக்கும். அறவே இல்லாத அடுக்குகளில் சேறு கலையாமல் மெல்லிய கோடு கோடாக நிற்கும், அங்கே தரையில் வாழ்ந்த எதுவுமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, மூச்சு முட்டும் விளிம்பில், ஒரு குறுகலான நிலை உண்டு. அந்த அடுக்குகளில்தான் எல்ராதியா கும்பல் கும்பலாகக் கிடக்கிறது, அதுவும் பெரும்பாலும் தனியாக. 2003-இல் ராபர்ட் கெய்ன்ஸ், மேரி டிரோசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அடுக்கு அடுக்காகப் பார்த்து எழுதினார்கள். மற்ற தரைவாழ் உயிர்களுக்குத் தேவையான ஆக்ஸிஜனைவிடக் குறைவாக இருந்த இடத்தில் இந்த விலங்கு செழித்திருக்கிறது என்பதும், இப்படிப்பட்ட விளிம்பில் வாழ்ந்ததாகத் தெரியவரும் முதல் உயிர் இதுதான் என்பதும் அவர்கள் கண்டது. சூரிய ஒளியை நம்பாத ஓர் உணவுச் சங்கிலியிலிருந்து இது பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

நம்மூர்ச் சாக்கடையில் சிவப்பு நூல் மாதிரிப் புழுக்கள் கொத்துக் கொத்தாக ஆடுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மீன், தவளை எதுவும் அந்தத் தண்ணீரில் நிற்காது. ஆக்ஸிஜன் குறைவைத் தாங்கத் தெரிந்த அந்த ஒரே ஒரு இனம் மட்டும் போட்டியே இல்லாமல் ஆயிரக்கணக்கில் பெருகும். எல்ராதியாவும் அந்த ரகம்தான். மேல்குடி இடத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, யாரும் வர விரும்பாத இடத்தில் குடியிருந்தது. வாழ்ந்தபோது அதனால் எண்ணிக்கை பெருகியது. செத்த பிறகும் அதே சூழல் கைகொடுத்தது. பிணத்தைத் தின்னவும் சேற்றைக் கிளறவும் அங்கே ஆள் இல்லை, ஆகவே ஓடுகள் கலையாமல் கிடந்தன. 8 டாலர் விலையின் மறுபக்கம் இந்த மூச்சுத்திணறும் சேறு.

இனி விலங்கைப் பார்ப்போம். ட்ரைலோபைட் என்றால் மூன்று மடல் கொண்டது என்று பொருள். பலரும் தலை, உடல், வால் என்ற மூன்றைத்தான் அது குறிக்கிறது என்று நினைக்கிறார்கள், சில பாடப்புத்தகப் படங்களும் அந்த எண்ணத்தைத் திருத்துவதில்லை. உண்மையில் அது நீளவாட்டில் உள்ள மூன்று. நடுவில் மேடாக ஒரு வரப்பு, அதற்கு இடமும் வலமும் ஒவ்வொரு மடல். உங்கள் மகளை விரலால் குறுக்கே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏறி இறங்குவது கைக்குத் தெரியும். முன்னால் பிறை போன்ற தலைக்கவசம். அதன் இரண்டு மூலையிலும் பின்னோக்கிக் குட்டியாக ஒரு முள். பின்னால் வளையம் வளையமாக மார்புக் கண்டங்கள். லென்ஸ் வைத்து எண்ணினால் வளர்ந்த எல்ராதியாவில் பெரும்பாலும் 13 வரும். கடைசியில் சில கண்டங்கள் ஒன்றாக ஒட்டிப்போன வால்கவசம்.

பூச்சி என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும் இது பூச்சி இல்லை. நண்டு, தேள், மரவட்டை, வண்ணத்துப்பூச்சி எல்லாம் சேர்ந்த கணுக்காலிப் பெருங்குடும்பத்தில் இது தனிக் கிளை, இன்று வாரிசே இல்லாத கிளை. மரவட்டையைத் தொட்டால் சுருளுமே, அதுபோலச் சுருண்டுகொள்ளத் தெரிந்த ட்ரைலோபைட்டுகளும் ஏராளம். மொத்தத்தில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 52 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைகளில் தோன்ற ஆரம்பித்து, 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடிந்தபோது வந்த பேரழிவில் கடைசியாக மிஞ்சியிருந்தவையும் போயின. டைனோசர்கள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கூட்டம் வந்து, ஆண்டு, முடிந்தும் போய்விட்டது.

ஓடு கால்சைட்டால் ஆனது. கண்ணின் வில்லைகளும் கால்சைட்டே. கல்லால் ஆன கண் என்று சொல்வது மிகையில்லை. ஆனால் கால்களும் உணர்கொம்புகளும் மெல்லிய தோல் போன்றவை, அவை அழுகிவிட்டன. அதனால்தான் உங்கள் கல்லில் கால் இல்லை. கால் கிடைத்த ட்ரைலோபைட்டுகள் உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஓரிடத்தில் கால்கள் பைரைட்டாக மாறிப் பொன் நிறத்தில் மின்னுகின்றன. 2024-இல் மொராக்கோவில் எரிமலைச் சாம்பலில் மூடிப்போன ட்ரைலோபைட்டுகளை விவரித்தார்கள், வாயுறுப்பு முதல் காலின் மயிர் வரை முப்பரிமாணத்தில் அப்படியே இருந்தது. அவற்றுக்கு 8 டாலர் விலை போட முடியாது.

கையில் லென்ஸ் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். நண்டு ஓடு கழற்றுவது போல ட்ரைலோபைட்டும் வளர வளரச் சட்டை உரிக்கும். முகத்தில் தையல் மாதிரி ஒரு கோடு உண்டு. உரிக்கும்போது அந்தத் தையல் விட்டு இரண்டு கன்னத் தகடுகளும் தனியாகக் கழன்றுவிடும். முன்னே சொன்னேனே, எனக்கு முதலில் கிடைத்த துணுக்குகள் என்று, அவற்றில் பாதி இந்தக் கன்னங்கள்தான். உங்கள் எல்ராதியாவின் தலை பிறை மாதிரி நிறைவாக, மூலை முள்ளோடு இருந்தால் கன்னங்கள் இருக்கின்றன என்று அர்த்தம், அநேகமாகச் செத்த விலங்கு அது. தலை நடுவில் மட்டும் ஒடுங்கி, பக்கம் வெட்டியது போல இருந்தால், விலங்கு கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக மகளிடம் மாற்றுக் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே விலங்கு வாழ்நாளில் பல தடவை உரிக்கும், ஆகவே சட்டைகள் அதிகம் கிடைப்பது இயல்பு.

வீலர் ஷேலில் இருப்பது எல்ராதியா மட்டும் இல்லை. ஆசாஃபிஸ்கஸ் வீலரி என்று சற்றுப் பெரிய, வழவழப்பான தோற்றம் கொண்ட ஒன்று இருக்கிறது. உளுந்து அளவில், தலையா வாலா என்று குழம்ப வைக்கிற அக்னாஸ்டிட் வகைகள் இருக்கின்றன. இரண்டே இரண்டு மார்புக் கண்டம், கண் கிடையாது. நான் இரண்டாம் நாள் மதியம்வரை அவற்றைத் தூசி என்று நினைத்து ஊதித் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே லென்ஸைக் கொடுத்த பிறகுதான் எத்தனை போனதோ என்று வயிற்றெரிச்சல் வந்தது. சில அடுக்குகளில் கடற்பாசிகள், கடற்பஞ்சுகள், மெல்லுடல் புழுக்கள் கூட மையால் வரைந்த மாதிரிப் பதிந்திருக்கின்றன. கனடாவின் புகழ்பெற்ற பர்ஜெஸ் ஷேலில் கிடைப்பதைப் போன்ற பாதுகாப்பு அது.

அந்தப் பெயரோடு ஒரு தொடர்பும் உண்டு. வீலர் பாறைக்கு 1908-இல் பெயர் வைத்தவர் சார்லஸ் டூலிட்டில் வால்காட். அடுத்த வருஷமே அவர் கனடாவில் பர்ஜெஸ் ஷேலைக் கண்டுபிடித்தார். அப்போது அவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர். ஆனால் கல்லூரிப் படிப்பு இல்லாதவர். இளவயதில் தான் சேர்த்த ட்ரைலோபைட்டுகளை 1873-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கையியலாளர் லூயி அகாசிக்கு விற்று அந்தத் துறைக்குள் நுழைந்தவர். ட்ரைலோபைட்டுக்குக் கால் உண்டு என்பதை, பாறையைக் கண்ணாடி போல மெலிதாக அறுத்துப் பார்த்துக் காட்டியவர்களில் முக்கியமானவர். எல்ராதியா கிங்கியை அவருக்கும் முன்பே, 1870-இல், ஃபீல்டிங் மீக் என்ற புதைபடிவ ஆய்வாளர் விவரித்துவிட்டார். வேறொரு பேரினத்தில் சேர்த்துத்தான். கிளாரன்ஸ் கிங் தலைமையில் மேற்குப் பகுதியை அளந்த குழு கொண்டுவந்த கற்களில் அது இருந்தது, 'கிங்கி' வந்த வழி அது. எல்ராதியா என்ற பேரினப் பெயரை வால்காட் 1924-இல் வைத்தார்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னாலேயே அந்த மண்ணின் மக்களுக்கு இது தெரியும். பாவான்ட் யூட் இனத்தவர் இந்தக் கல்லில் துளையிட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். டெல்டா ஊரில் பத்திரிகை நடத்திய ஃபிராங்க் பெக்வித் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பழைய புதைகுழியில் எலும்புகளோடு துளையிட்ட ட்ரைலோபைட் கிடந்ததைப் பார்த்துவிட்டு, யூட் நண்பர்களிடம் விசாரித்து எழுதி வைத்தார். தொண்டை நோய்க்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் காப்பு என்றார்களாம், நம் வீட்டுத் தாயத்து மாதிரியேதான். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரின் பொருள்: கல் வீட்டுக்குள் குடியிருக்கும் சின்ன நீர்ப்பூச்சி. தண்ணீரே இல்லாத பாலையில் நின்றுகொண்டு அதை நீர்ப்பூச்சி என்று சொல்ல எப்படித் தோன்றியது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

வயதுக்கு வருவோம். கார்பன் முறையில் பார்த்தார்களா என்று பலர் கேட்பார்கள். அது இங்கே உதவாது. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும், 50,000 ஆண்டைத் தாண்டினால் அளக்க மிச்சம் இருக்காது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தைப் பயன்படுத்துகிறார்கள். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள். எரிமலைச் சாம்பலில் பிறக்கும் சிர்கான் என்ற மணிகளில் இந்தக் கடிகாரம் ஓடும். ஆனால் ஷேலை நேரடியாக இப்படி அளக்க முடியாது, ஏனென்றால் அதிலுள்ள துகள்கள் எல்லாம் வேறு பழைய பாறைகள் தேய்ந்து வந்தவை. அவற்றை அளந்தால் பேரன் வயதைக் கேட்டதற்குத் தாத்தா வயதைச் சொன்னது போல் ஆகும்.

அங்கேதான் அந்த உளுந்து அளவு அக்னாஸ்டிட்டுகள் கைகொடுக்கின்றன. அவற்றில் பல இனங்கள் கடல் முழுக்கப் பரவியிருந்தன, ஒவ்வோர் இனமும் கொஞ்ச காலமே இருந்தது. எனவே யூட்டாவில் ஒரு அடுக்கில் கிடைக்கும் இனமே சீனாவில் ஓர் அடுக்கில் கிடைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. எரிமலைச் சாம்பல் உள்ள இடத்தில் வயதை அளந்து எடுத்து, அக்னாஸ்டிட்டை வைத்து மற்ற இடங்களோடு பொருத்துகிறார்கள். இந்த வேலையில் வீலர் ஷேலுக்கு உலக மரியாதையே கிடைத்தது. ஹவுஸ் ரேஞ்சுக்கு வடகிழக்கே டிரம் மலைகளில், வீலர் பாறையின் அடியிலிருந்து 62 மீட்டர் உயரத்தில், டைகாக்னாஸ்டஸ் அடேவஸ் என்ற அக்னாஸ்டிட் முதன்முதலாகத் தலைகாட்டும் அடுக்கை, கேம்பிரியனின் ஒரு பகுதி உலகம் முழுக்க அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று 2006-இல் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்கு டிரமியன் என்றே பெயர். அதன் தொடக்கம் ஏறத்தாழ 50.45 கோடி ஆண்டுகளுக்கு முன். நீங்கள் கேட்ட அந்த '50 கோடி' யாரோ கண்ணை மூடிக்கொண்டு சொன்னது இல்லை.

நம் பக்கம் கிடைக்குமா? தமிழ்நாட்டில் புதைபடிவம் என்றால் அரியலூர்தான். அங்கே அம்மோனைட் நத்தைச் சுருள் மாதிரி அழகாகக் கிடைக்கும். ஆனால் அரியலூர்க் கடல் கிரெட்டேசியஸ் காலத்தது, பெரும்பகுதி 10 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுக்குள் அடங்கிவிடும். அது பொங்கியபோது ட்ரைலோபைட் குலம் அழிந்து 15 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அரியலூரில் எடுத்த ட்ரைலோபைட் என்று யாராவது விற்றால் அதை மட்டும் வாங்காதீர்கள். இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் இமயமலைக்குப் போக வேண்டும். இமாசலத்தில் ஸ்பிதி, பராஹியோ பள்ளத்தாக்கில் கேம்பிரியன் பாறைகள் உண்டு. அங்கிருந்து வந்த ஒரு ட்ரைலோபைட்டை 1910-இல் கௌப்பர் ரீட் என்ற ஆய்வாளர் விவரித்தார், இன்று அதன் பெயர் ஒரிக்டோசெஃபாலஸ் இண்டிகஸ். பின்னால் அதே இனம் சீனாவின் குய்ச்சோவிலும் கிடைத்தது. டிரமியனுக்கு முந்தைய பகுதியான வூலியுவன் எங்கே தொடங்குகிறது என்பதை அது முதலில் தோன்றும் அடுக்கை வைத்தே 2018-இல் முடிவு செய்தார்கள். எல்லைக்கல் சீனாவில், அந்த எல்லையைக் காட்டும் விலங்கின் பெயரில் இந்தியா.

போலி பற்றி ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று. எல்ராதியாவை முழுசாகப் போலி செய்யமாட்டார்கள் என்றேன். ஆனால் கழன்று வந்த அசல் ஒன்றை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வேறு ஒரு ஷேல் பலகையில் ஒட்டி விற்பது உண்டு. உங்களுடையது பலகையோடு இருந்தால் விளிம்பைச் சுற்றி லென்ஸில் பாருங்கள். பசை மினுமினுப்பாகத் தெரியும். நோட்டு சரிபார்க்கும் புற ஊதா விளக்கில் பல பசைகள் பளிச்சென்று ஒளிரும். பிசின் வார்ப்பாக இருந்தால் குண்டூசி முனை அளவு காற்றுக் குமிழிகள் இருக்கும். ஒட்டியிருந்தாலும் ட்ரைலோபைட் அசல்தான், அதற்காக அத்தை மகனோடு சண்டை வேண்டாம்.

பாதுகாப்பது சுலபம். உலர்ந்த மெல்லிய பிரஷ், தேவைப்பட்டால் வெறும் தண்ணீர், அவ்வளவுதான். வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் கழுவும் ஆசிட் எதுவும் கிட்டவே வரக் கூடாது. ஓடும் கால்சைட், திண்டும் கால்சைட், இரண்டையும் அமிலம் கரைத்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மடியில் விழுந்ததே அந்த முதல் எல்ராதியா, ஊருக்கு வந்ததும் கறை போகட்டும் என்று ஒரு கிண்ணம் வினிகரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிந்ததும் எடுத்தபோது கண்டங்களை எண்ண முடியவில்லை.

கடைசியாக அந்தச் சீட்டு. விலை ஒட்டியிருக்கிறதே என்று கிழித்து எறிந்துவிட வேண்டாம். வீலர் ஷேல், யூட்டா என்ற இடப்பெயர் அதில் மட்டும்தான் இருக்கிறது, இடம் தெரியாத புதைபடிவத்தை எந்த அருங்காட்சியகமும் சீந்தாது. கல்லின் அடியில், திண்டின் மேல், ஒரு புள்ளி வெள்ளைச் சாயம் வைத்து அது காய்ந்ததும் '1' என்று எழுதுங்கள். சீட்டிலும் '1' என்று எழுதி இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மகளிடம் கொடுங்கள். எண் போட்டுவிட்டால் அடுத்ததைத் தேட ஆரம்பித்துவிடுவாள், அரியலூர் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்தச் சொல்வாள், அதற்கும் தயாராக இருங்கள்.